பனியனுக்கு உண்டு, அத்தருக்கு இல்லை!

நீங்கள் போட்டிருக்கும் பனியனின் கழுத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். அங்கே ஒரு சின்னச் சீட்டு இருக்கும். பருத்தி எத்தனை சதவீதம், வேறு நூல் கலந்திருந்தால் அது எத்தனை சதவீதம் என்று அதில் போட்டிருக்கும். வெந்நீரில் போடலாமா, இஸ்திரி போடலாமா என்பதுகூட அதில் இருக்கும்.

இப்போது அலமாரியில் இருக்கும் அத்தர் பாட்டிலை எடுங்கள். முன்னால் "சந்தனம்" என்று ஒரு சொல். பக்கத்தில் ஒரு பூப்படம். கீழே விலை. உள்ளே இருப்பது என்ன? பெரும்பாலான பாட்டில்களில் அதைச் சொல்ல ஒரு வரிகூட இராது!

பனியன் தோலுக்கு மேலே கிடப்பது. கழற்றிப் போட்டால் போயிற்று. அத்தர் அப்படி அல்ல. தோலிலேயே ஊறுவது. மேலே கிடப்பதற்குச் சீட்டு உண்டு, ஊறுவதற்கு இல்லை. இது என்ன நியாயம்?

திருப்பூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. உலகத்துக்கெல்லாம் சீட்டுத் தைத்து அனுப்புகிற ஊர் இது. அந்தச் சீட்டைத் தைக்கிற கைதான் சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் அத்தர் பாட்டிலும் வாங்குகிறது.

"வேலைக்குப் போகிற பிள்ளைக்குச் செண்டு எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. பத்து மணி நேரம் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்து, பஞ்சுத் தூசியும் மெஷின் எண்ணெயும் கலந்த காற்றை மூச்சில் இழுத்துவிட்டு, நெரிசலான பஸ்ஸில் வீடு திரும்பும் பெண், தன் கையில் கொஞ்சம் மல்லிகை மணக்கட்டும் என்று நினைத்தால் அதில் என்ன தப்பு? மணம் என்ன, பங்களாக்காரருக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா?

ஆகவே அத்தர் வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதே என் கட்சி. அதற்காகப் பல தினுசு எண்ணெய்களை வாங்கி, ஒரு நாளைக்கு ஒன்றாக என் கையிலேயே தடவிப் பார்த்தேன்.

பஞ்சு போதாது!

அத்தர்க் கடையில் முதலில் என்ன செய்கிறார்கள்? ஒரு சிட்டிகைப் பஞ்சில் தொட்டு நீட்டுகிறார்கள். சிலர் அந்தப் பஞ்சைக் காதுமடலில் செருகிக்கொண்டே போய்விடுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பஞ்சுக்குச் சூடு இல்லை, வேர்வை இல்லை. தோலுக்கு இரண்டும் உண்டு.

அத்தர் என்பது ஒரே ஒரு பொருளின் மணம் அல்ல. அதில் பல மணப்பொருள்கள் கலந்திருக்கும். எலுமிச்சை போன்ற லேசான மணங்கள் முதலில் பறந்துவிடும். பிறகு பூ மணங்கள் தலை காட்டும். மரம், வேர், கஸ்தூரி போன்ற கனத்த மணங்கள்தான் கடைசி வரை தங்கும். தோலின் சூடு இந்த ஓட்டத்தை முடுக்கிவிடும். கடையில் முதல் நிமிஷத்தில் மோந்து பார்த்து வாங்குவது, மாப்பிள்ளையைத் தெருக்கோடியில் பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்கு நாள் குறிப்பது போலத்தான்.

நான் வைத்துக்கொண்ட முறை இதுதான். காலையில் குளித்தபின், முழங்கையின் உள்மடிப்பில் ஒரு பொட்டு. தடவியவுடன் ஒரு தரம், ஒரு மணி கழித்து ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் மோந்து பார்ப்பது. அவ்வளவுதான்.

மல்லிகையின் கதை

முதல் நாள் மல்லிகை. நூறு ரூபாய்க்குள் வாங்கிய சின்னப் பாட்டில். தடவியவுடன் "ஆகா!" என்று இருந்தது. கல்யாண வீட்டுக்குள் நுழைந்தது போல ஒரு நெடி. ஒரு மணி கழித்து மோந்தேன். பூவைக் காணோம், இனிப்பு மட்டும் இருந்தது. சாயங்காலம் அதுவும் இல்லை. தோலில் லேசான பிசுக்கு மட்டுமே மிச்சம்.

நிஜமான மல்லிகை அப்படி இராது. ராத்திரி தலையில் வைத்த பூவைக் காலையில் எடுத்து மோந்து பாருங்கள். இனிப்புக்கு அடியில் கனமான, கொஞ்சம் அழுகினாற்போல ஒரு வாடை தெரியும். இண்டோல் என்று ஒரு பொருள். அதுவும் மல்லிகையின் சொத்துத்தான். அதைக் கழித்துவிட்டால் மல்லிகை வெறும் சர்க்கரைப் பாகு!

மல்லிகையின் மணத்தை எடுப்பது சுலபமல்ல. ரோஜாவைப் போலக் கொதிநீராவியில் வடித்தால் மல்லிகையின் மணம் கெட்டுவிடும். அந்தக் காலத்தில் எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, மணம் எள்ளில் ஏறியதும் செக்கில் ஆட்டினார்கள். இன்று ஆலைகளில் ஹெக்சேன் என்ற திரவத்தில் பூவை ஊறவைத்து, மெழுகு போன்ற ஒரு பொருளாக மணத்தைப் பிரிக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற சத்தியமங்கலத்தில் விளையும் பூ, கதம்பமாகக் கட்டுவதற்கு மட்டுமல்லாமல் இந்த ஆலைகளுக்கும் போகிறது. ஆயிரம் கிலோ பூவுக்கு இரண்டு மூன்று கிலோ மெழுகுதான் கிடைக்கும். அந்த மெழுகிலிருந்து எடுக்கும் அசல் எண்ணெயோ அதில் ஏறக்குறையப் பாதி!

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நூறு ரூபாய்ப் பாட்டிலில் எத்தனை பூ இருக்க முடியும்?

ரோஜாவும் இதே கதைதான். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 முதல் 5,000 கிலோ பூ வேண்டும். ஆனால் ரோஜா மணத்துக்கு முக்கியமான ஒரு பொருளைத் தொழிற்சாலையில் மலிவாகச் செய்துவிடலாம். நான் தடவிய ரோஜா சாயங்காலம் வரை மாறாமல் ஒரே சுருதியில் மணத்தது. பன்னீர்ச் செம்பின் ஞாபகம் வந்தது. குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு சந்தனம்

சந்தனத்தில் மட்டும் இரண்டு பாட்டில் வாங்கினேன். ஒன்று மலிவுச் சரக்கு. மற்றொன்று மைசூருக்குப் போன நண்பர் வாங்கி வந்தது.

மைசூரில் சந்தன எண்ணெய் ஆலை வந்த கதை ருசிகரமானது. 1914-க்கு முன்பு நம் நாட்டுச் சந்தனக் கட்டை கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டது. முதல் உலக யுத்தம் வந்ததும் கப்பல் நின்றது, கட்டை தேங்கியது. "நாமே வடிப்போம்" என்று 1916-ல் மைசூர் அரசு ஆலை வைத்தது. மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார்; திவான் விசுவேசுவரய்யா. கட்டையை ஏற்றுமதி செய்த ஊர் எண்ணெயை ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தது.

இன்று அசல் சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். ஒரு கிராமுக்கு நூறு ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ஆக, ஆறு மில்லி பாட்டிலை எண்பது ரூபாய்க்குக் கொடுத்தால் அது சந்தனமா?

என் தோல் இதற்குப் பதில் சொன்னது. மைசூர்ச் சரக்கைத் தடவியவுடன் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "இதற்கா இவ்வளவு காசு?" என்றுகூடத் தோன்றிற்று. அரை மணி கழித்துத்தான் அது வாய் திறந்தது. கல்லில் சந்தனம் இழைக்கும்போது வருமே, பாலும் மரமும் கலந்த மணம், அது! ராத்திரி படுக்கும்போதும் இருந்தது.

மலிவுச் சரக்கு நேர் எதிர். முதலில் வீடே மணத்தது. ஒரு மணியில் சோப்பு உறையின் வாசனை ஆயிற்று. சாயங்காலம் அரிப்பு. மறுநாள் காலையில் எட்டணா அகலத்துக்குச் சிவப்புத் தடிப்பு!

தோல் டாக்டரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த எண்ணெயில் என்ன இருந்தது?"

பாட்டிலை நீட்டினேன். அவர் இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "சந்தனம்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. "இதை வைத்துக்கொண்டு நான் என்ன கண்டுபிடிப்பது?" என்றார். களிம்பு கொடுத்தார், தடிப்பு மூன்று நாளில் அடங்கிற்று. ஆனால் எந்தப் பொருள் எனக்கு ஆகவில்லை என்பது இன்றுவரை தெரியாது. அடுத்த பாட்டிலில் அதே பொருள் வேறு பெயரில் வந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

அத்தரில் மணப்பொருள் மட்டும் இருப்பதில்லை. அதைத் தாங்கி நிற்க ஓர் அடி எண்ணெய் வேண்டும். உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜ் நகரம் அத்தருக்குப் பேர் போனது. அங்கே செப்புக் கொப்பரையில் பூவும் நீரும் போட்டு, மூடியை மண்ணால் பூசி அடைத்து, விறகு எரித்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியை இறக்குவார்கள். கீழே இருக்கும் பாத்திரத்தில் சந்தன எண்ணெய் காத்திருக்கும். பூ மணம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அதுதான் பழைய முறை. சந்தனம் விலை ஏறியதும், சந்தனம் இருந்த இடத்தில் பல சரக்குகளில் மண்ணெண்ணெய்ச் சாதியைச் சேர்ந்த பாரபின் எண்ணெய் வந்தது. வியாபாரிகள் டி.ஓ.பி. என்று சொல்லும் திரவமும் வந்தது. அது பிளாஸ்டிக்கை வளைய வைப்பதற்குக் கலக்கும் பொருள்! ஐரோப்பாவில் அழகுசாதனப் பொருள்களில் அதைச் சேர்க்கத் தடை உண்டு.

வேரும் மண்ணும்

வெட்டிவேர் அத்தர் என்னை ஏமாற்றவில்லை. முதலில் ஈரச் சாக்கு வாடை. பிறகு கோடையில் பாட்டி மண்பானைத் தண்ணீரில் போட்டு வைக்கும் வேர்க்கட்டின் மணம். கடலூர்க் கடற்கரைப் பக்கம் மணலில் இந்த வேரைப் பயிர் செய்கிறார்கள். வெயிலில் அலைகிறவர்களுக்கு இதுவே ஏற்றது என்பது என் அபிப்பிராயம். வேர்வையோடு சண்டை போடாமல் கலந்து போகிறது.

மண் அத்தர் என்றும் ஒன்று உண்டு. சிரிக்காதீர்கள்! சுட்ட களிமண்ணைக் கன்னோஜில் கொப்பரையில் போட்டு வடிக்கிறார்கள். முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை. என் கையில் இருபது நிமிஷம் மழை பெய்தது, பிறகு நின்றுவிட்டது.

ஜவ்வாதைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னாளில் புனுகுப் பூனையின் மதநீர் சேர்ந்த சரக்கு. அந்தப் பிராணி 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காப்பாற்றப்படுகிறது. இன்று சின்ன டப்பாவில் வரும் ஜவ்வாதில் பூனையைத் தேட வேண்டாம்.

கஸ்தூரி எங்கே?

கஸ்தூரியில்தான் வேடிக்கை நடந்தது. தடவினேன், மோந்தேன், ஒன்றுமே தெரியவில்லை. வெறும் எண்ணெயைக் கொடுத்துவிட்டார் என்று கடைக்காரர் மேல் கோபம் வந்தது. அடுக்களையிலிருந்து என் மனைவி வந்தாள்.

"ஏனுங்க, வாசல் வரைக்கும் மணக்குது. உங்களுக்குத் தெரியலீங்களா?"

நிஜமாகவே தெரியவில்லை. பிறகு படித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கஸ்தூரி வகையில் சில மணங்கள் சிலர் மூக்குக்கு எட்டுவதே இல்லையாம்! மற்ற வாசனைகளெல்லாம் தெரியும். அந்த ஒன்று மட்டும் தெரியாது. தனக்குத் தெரியவில்லையே என்று மேலும் மேலும் பூசிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறவரைப் பார்த்தால் இனிமேல் நான் முகம் சுளிக்க மாட்டேன்.

இந்தக் கஸ்தூரியும் மானிடமிருந்து வந்ததல்ல. கஸ்தூரி மானைக் கொன்று பையை அறுத்தெடுத்த காலம் ஒன்று இருந்தது. 1888-ல் ஆல்பர்ட் பாவர் என்ற ரசாயன நிபுணர் வெடிமருந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வெடிக்கு வழி தேடியவருக்குக் கஸ்தூரி வாசனை கிடைத்தது! அன்று முதல் செயற்கைக் கஸ்தூரிகள் பல வந்துவிட்டன. மானுக்கு அது நல்ல காலம்.

ஆகவே "செயற்கை என்றால் விஷம், இயற்கை என்றால் அமிர்தம்" என்கிற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எலுமிச்சைச் சாதியைச் சேர்ந்த பெர்கமாட் பழத்தோலின் எண்ணெய் சுத்த இயற்கை. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோலில் கறுப்புத் திட்டு விழக்கூடும். இயற்கையும் அரிக்கும்; செயற்கையும் மணக்கும்.

சாயத்துக்கும் மணத்துக்கும் உள்ள உறவு திருப்பூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1856-ல் பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின் லண்டனில் கொயினா மருந்து செய்யப் பார்த்து, தாரிலிருந்து வந்த பொருளில் ஊதாச் சாயம் கண்டுபிடித்தார். செயற்கைச் சாயத் தொழிலின் பிறப்பு அதுதான். அதே பெர்க்கின் 1868-ல் காய்ந்த புல்லின் மணம் தரும் கூமரின் என்ற பொருளையும் ரசாயன முறையில் செய்து காட்டினார். சாயமும் செண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

மூத்த பிள்ளைக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களாகச் சிதையும் சில அசோ சாயங்களை, தோலில் படும் துணிகளில் போடக் கூடாது என்று ஜெர்மனி 1994-ல் தடை போட்டது. அந்தச் சாயங்களைக் கைவிட்டால்தான் அங்கே சரக்குப் போகும் என்று ஆயிற்று. கழிவுநீர் விஷயத்தில் 2011-ல் ஐகோர்ட்டு உத்தரவினால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, பிறகு ஆற்றில் விடாத முறைக்கு மாறிய கதையையும் இந்த ஊர் மறந்திராது. கட்டாயம் வந்தால் தொழில் கற்றுக்கொள்ளும்.

இளைய பிள்ளைதான் இன்னும் நம் ஊரில் அவிழ்த்துவிட்ட கன்று.

60 மில்லி சமாசாரம்

ஏன் அத்தர் பாட்டிலில் பட்டியல் இல்லை? சட்டத்திலேயே வாசல் திறந்திருக்கிறது. 2020-ம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, சேர்மானப் பட்டியல் மேலே இருக்க வேண்டும். ஆனால் 60 மில்லிக்குக் குறைந்த திரவமானால் அது தேவையில்லை! அத்தர் எந்த அளவில் வருகிறது? மூன்று மில்லி, ஆறு மில்லி, பன்னிரண்டு மில்லி. 60 மில்லி அத்தர் வாங்கும் தொழிலாளியை நான் பார்த்ததில்லை. ஆக, விதி இருக்கிறது. அத்தர் அதற்கு அடியில் குனிந்து போய்விடுகிறது.

ஐரோப்பாவில் 2005 முதலே, ஒவ்வாமை தரக்கூடிய 26 மணப்பொருள்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் பெயர் சொல்லி எழுத வேண்டும். 2023-ல் அந்தப் பட்டியலை 80-க்கு மேல் நீட்டிவிட்டார்கள். அவர்கள் தோலுக்கு நாம் தைத்து அனுப்பும் பனியனுக்கும் பரிசோதனை. அவர்கள் பூசும் செண்டுக்கும் பட்டியல். நம் தோல் மட்டும் என்ன, இரண்டாந்தரமா?

"சின்னப் பாட்டிலில் எழுத இடம் எங்கே?" என்பார்கள். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துப் பாட்டில் ஐந்து மில்லிதான். அதில் மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி எல்லாம் எழுதியிருக்கிறதே! அட்டைப் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டை மடித்து வைத்தால் போதுமே!

"வியாபாரம் கெட்டுவிடும்" என்றும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. திருப்பூரில் நான் அத்தர் வாங்கிய ஒரு பெரியவரிடம், "பாய், இது அசல் சந்தனமா?" என்று கேட்டேன். சிரித்தார். "தம்பி, இந்த விலைக்கு அசல் எங்கிருந்து வரும்? இது சந்தன வாசம். சந்தனம் இல்லை" என்றார். வாங்கினேனா, இல்லையா? வாங்கினேன்! வாயால் சொல்கிற உண்மையைப் பாட்டிலிலும் எழுதினால் யார் ஓடிப்போகப் போகிறார்கள்? "சந்தன வாசம், செயற்கை" என்று இரண்டு சொல் போதும். விதியை எழுதுகிறவர்கள் அத்தருக்கு மட்டுமாவது அந்த 60 மில்லி வாசலை மூட வேண்டும்.

அதுவரை என்ன செய்யலாம்? முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். அரித்தால் விட்டுவிடுங்கள். ஒரே தடவையில் மூன்றுக்கு மேல் மோந்தால் மூக்கு களைத்துவிடும். கைக்குழந்தைக்குத் தடவ வேண்டாம். சிரங்கு, வெட்டுக்காயம் இருக்கும் இடத்தில் வேண்டாம்.

வேர்வை நாற்றத்தை மறைக்க அத்தரை நம்புகிறவர்கள் சட்டையையும் பார்க்க வேண்டும். வேர்வைக்குத் தானாகப் பெரிய நாற்றம் கிடையாது. தோலிலும் துணியிலும் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாற்றத்தைக் கிளப்புகின்றன. 2014-ல் பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தார் 26 பேரைச் சைக்கிள் பயிற்சி செய்யவைத்து, அவர்கள் சட்டைகளை மோந்து பார்க்கச் செய்தார்கள். பருத்திச் சட்டையைவிடப் பாலியெஸ்டர்ச் சட்டைதான் அதிகம் நாறிற்று. நம் ஊர்ப் பருத்திப் பனியனை உள்ளே போட்டுக்கொண்டால் அத்தர் பாதி போதும்.

வெள்ளைத் துணி செக்கிங்கிலும் கைமடியிலும் இருக்கும் பெண்களுக்கு ஒரு சமாசாரம். மணிக்கட்டில் அத்தர் தடவிக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். எண்ணெய்க் கறை முதலில் தெரியாது. அயர்ன் போட்டபின் மஞ்சளாக எழும்பும். காதுக்குப் பின்னால் தொட்டுக்கொள்ளுங்கள். பீஸும் திரும்பி வராது. மணமும் சாயங்காலம் வரை இருக்கும்.